நான்கு போல்ட்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
தூக்கியின் மேல் என் வண்டி.
வாங்கி நாலு வருடம் ஆகிறது,
அடிவயிற்றை இன்றுதான் பார்க்கிறேன்.
எங்கோ ஏறி இறங்கிய கீறல்கள்,
எல்லாம் என் கைவரிசை.

கூரை இல்லாத வண்டி.
இருவர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு குடை.
பூன் லெங் காலிச் செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார்,
மூடியைக் கழற்றி
எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கினார்.
பெட்டி நெளிந்தது.
மூடியைப் போட்டு முறுக்கினார்.
நெளியவில்லை.
பாடம் இவ்வளவுதான். கட்டணம் தனி.

நான் சொல்லியிருந்த குறைகள் இவை:
விரைவுச்சாலை மேம்பால இணைப்புகளில்
பின்பார்வைக் கண்ணாடி நடுங்கி
வருகிற லாரி இரண்டாகிறது.
வீவக கார்நிறுத்தத்தில்
ஒரு சக்கரம் மட்டும் மேடேறினால்
கதவு கீச்சென்று யாரிடமோ முறையிடுகிறது.

எஞ்சின் மேலே ஒரு குறுக்குக் கம்பி,
அடியில் பெருக்கல் குறிபோல் இன்னொன்று,
ஆயிரத்து நூற்றெண்பது வெள்ளி.
சிஓஇ முடியப் பதினேழு மாதம்.
மாதத்துக்கு எவ்வளவு என்று வகுக்க ஆரம்பித்து
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
கணக்காளர் வேலை திங்கள் முதல் வெள்ளி வரைதான்.

ஞாயிறு காலை ஆறு மணி, சவுத் புவன விஸ்தா சாலை.
வளைவுக்குப் பின் வளைவு,
ஈரத்தில் உதிர்ந்த இலைகள்.
ஸ்டியரிங்கில் விரலை வைத்தால் போதும்,
மூக்கு உடனே திரும்புகிறது.
வேறு வண்டி இது, வேறு வண்டி என்று
ஸுல்ஃபட்லியைத் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னேன்.
கொட்டாவியோடு கேட்டான்:
"வண்டி திரும்புதா, நீ கட்டின காசு திரும்புதா?"

அடுத்த ஞாயிறு அவனே ஸ்பேனரோடு வந்தான்.
மேல் கம்பிக்கு நாலே போல்ட்.
நான் சாலைக்கு முதுகு காட்டி
மரத்தில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
கழற்றினாலும் கழற்றாவிட்டாலும்
அவன் அதே சத்தம் போடுவான்,
அதே நேரம் எடுப்பான்,
படாரென்று மூடுவான்.
ஒரே வேகம், அதே வளைவுகள்,
கேள்வி ஒன்று: கம்பி இருக்கிறதா, இல்லையா?

ஆறு முறை ஓட்டினேன்.
ஆறு முறையும் சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.
மூன்று சரி.
காசைச் சுண்டியிருந்தாலும் அதே மூன்று,
பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.

ஏழாவது முறை
முதல் வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.
"கம்பி தெரியல. இடது முன் டயர்ல ஏதோ பண்ணிட்டே."
சிரித்தான். காற்றைக் கொஞ்சம் இறக்கியிருந்தான்.
பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காற்று.

ஆனால் அடியில் இருக்கிற பெருக்கல் குறியை
அவன் தொடவில்லை, தொடவும் முடியாது,
அதற்குத் தூக்கி வேண்டும்.
கதவு இப்போது வாயைத் திறப்பதில்லை.
அது மெய். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.
வளைவில் ஒரு நொடியாவது மிச்சமா என்று கேட்டால்
அந்தச் சாலையில் நொடியை எண்ண
எனக்கு உரிமையும் இல்லை, தைரியமும் இல்லை.

மேல் கம்பி இப்போது சாமான் அறையில்,
அரிசிப் பையில் சாய்ந்து நிற்கிறது.
சிவப்புப் பூச்சு, அழகாகத்தான் இருக்கிறது.
விற்க மனமில்லை, மாட்டவும்.

திங்கள் காலை, தீவு விரைவுச்சாலை.
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
கண்ணாடியில் லாரி,
ஒரே ஒரு லாரி.
நகராதபோது எந்தக் கண்ணாடியும் நடுங்காதுதான்.
இருந்தாலும் அவ்வளவு தெளிவு:
ஓட்டுநரின் நெற்றி, தொங்கும் மணிமாலை,
அவர் மெல்ல வாய் திறந்து
விடும் கொட்டாவி.

எனக்கும் வந்தது.