பிற ராஜ்யத்தார் கட்டணம்

குலசேகரம் ரேஞ்சு ஆபீசில்
மழைக்காலத்தில் காகிதம் பப்படம்போல் நமுத்துக் கிடக்கும்.
அதில்தான் எழுதுவேன்:
பெயர், துப்பாக்கி எண், தோட்டா எத்தனை,
சுட விரும்பும் மிருகம்,
கடைசியாக வசிப்பிடம்.

வசிப்பிடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள்.
தொடர்ந்து ஆறு மாதம் இந்த ராஜ்யத்தில் தூங்கியவன் உள்ளூரான்,
அவனுக்குப் பதினைந்து ரூபாய்.
மற்றவன் அயலான். அறுபது.
அயலான் தனியாக மலையேறக் கூடாது,
மலையில் குடியிருக்கும் ஒருவன் முன்னே நடக்க வேண்டும்.
முன்னே நடப்பவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது.
ஆனால் காயம்பட்ட மிருகம் தப்பிப் போனால்
தேடிப் பிடித்து முடிவு சொல்ல வேண்டியவன்
அந்த முன்னே நடந்தவன்தான்.
நான் இயற்றியதல்ல. அச்சில் அப்படி.

அம்பாசமுத்திரம் அரிசி மில் குற்றாலிங்கம்
இரட்டைக் குழலைத் தோளில் மாட்டியபடி
மேசையில் கையூன்றிக் கேட்டார்:
"எங்க மச்சுல நின்னாத் தெரியுத மலைதான வே இது?
அங்கேருந்து பாத்தா முகம், இங்கேருந்து பாத்தா முதுகு.
முதுகு பாக்கதுக்கு அறுபது ரூவாயா?"
முதுகுக்கும் ரசீது உண்டு என்றேன்.

வழிகாட்டி, பத்துகாணி ஈச்சன் காணி.
நாளுக்கு இரண்டு ரூபாய்.
பெருவிரலை மையில் உருட்டி
சுவரில் துடைத்துக்கொண்டான்.

கோதையாற்றுக்கு மேலே மூன்று நாள்.
அட்டை கடித்த காலோடு இறங்கி வந்தார் மில்காரர்.
"பட்டுது வே. முன்னஞ்சப்பையில பட்டுது.
நின்னு என்னய ஒரு பார்வ பாத்துட்டுப் போயிட்டு."
ஈச்சன் எதுவும் சொல்லவில்லை.
தோர்த்து முடிச்சை அவிழ்த்து
ரத்தம் தொட்ட ஓர் ஈத்தை இலையை
மனுவின்மேல் வைத்தான்.
காட்டுப்போத்தின் கையெழுத்து.
அன்று ஐப்பசி பதினாலு.

பதினாறாம் தேதி
ஒருவரும் ஒரு கல்லைக்கூடப் புரட்டவில்லை,
எல்லை நகர்ந்தது.
பூட்டைத் திறந்தது திருவிதாங்கூர்–கொச்சிச் சாவி,
உள்ளே உட்கார்ந்தது சென்னை ராஜ்யத்துக் குமாஸ்தா.
சந்தையில் வெடி போட்டார்கள்.
மலையாளப் படிவங்களின் தலைப்பை ஒவ்வொன்றாக அடித்து
மேலே தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன்.
லட்டுப் பொட்டலத்தோடு வந்தார் குற்றாலிங்கம்,
அடுத்த வேட்டைக்குப் பதினைந்து ரூபாய் எண்ணி வைத்தார்.
ஒரே இரவில் உள்ளூரான்.
அந்த இரவைக்கூட அம்பாசமுத்திரத்தில்தான் தூங்கியிருந்தார்.

ஈச்சன் போத்தைத் தேடிப் போயிருந்தான்.
தடம் மேற்கே திரும்பி
அம்பூரிச் சரிவில் இறங்கியதாம்.
அங்கே வேலி இல்லை, கார்டு இருந்தான்.
தங்கையைக் கட்டிக் கொடுத்த மலை.
வருஷந்தோறும் தேனுக்குக் கொடி கட்டி இறங்கும் பாறை.
ஈச்சன் அயலான்.
அயலான் தனியாக நடக்கக் கூடாது.
உள்ளூர் வழிகாட்டி ஒருவனை அமர்த்தினார்கள்:
மாறன் காணி, தங்கையின் புருஷன்.

எட்டாம் நாள் ஈச்சன் வந்து நின்றான்.
போத்து ஓடைக்குள் கிடந்தது என்றான்,
கொம்பை அளந்த கொடியை நீட்டினான்.
"அவன் முன்ன நடந்தான் சாறே,
வழி அறியாதவன் மாதிரி நான் பின்ன.
ரெண்டு எடத்துல அவனுக்குத் தடம் தப்பிச்சு.
சொல்லிக் குடுக்கலாம்னு சட்டத்துல உண்டா?"

பிறகு மடியிலிருந்து ரசீது,
மடிப்பில் கொஞ்சம் தேன்:
வழிகாட்டிக்கு வழிகாட்டிய வகையில்
ரூபாய் இரண்டு.

எந்தக் கலத்தில் எழுதுவது?
இல்லாத கலத்தை மூன்று நாள் தேடிவிட்டு
இதர செலவில் சேர்த்தேன்.

பங்குனியில் கோப்பு திரும்பி வந்தது.
தணிக்கைக்காரர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
மேற்படி ஈச்சன் எவ்வூரான்? விளக்குக.
விளக்கத்துக்கு அவர் விட்டிருக்கும் இடம்
அரை அங்குலம்.