முன்னெழுத்து

ஸ்கோர் அட்டையில் அவர்
திரு. ஓ. சி. கெட்டில்வெல்.
நான் ஹாப்குட், டபிள்யூ.
எழுத்து பெயருக்கு முன்னால் நின்றால் கனவான்,
பின்னால் நின்றால் கூலிக்கு ஆடுகிறவன்.
அட்டை விலை இரண்டு பென்னி, இருவருக்கும் சேர்த்து.

ஜூலை கடைசியில் பள்ளிக்கூடம் மூடும்.
லத்தீன் வினைச்சொற்களைப் பையன்களோடு
அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு
முதல் வகுப்பில் வந்து இறங்குவார்.
அன்று மாலையே பலகையில் புதுப் பட்டியல்.
மே மாதம் முதல் ஐந்தாவதாக இறங்கியவன்
ஆகஸ்டில் பன்னிரண்டாவது ஆள்,
எலுமிச்சைச் சாறு சுமக்கிறவன்.
ஆடாத நாளுக்குப் பாதிச் சம்பளம்.
தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வரும்போது
என் மனைவி ஈடித்
குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள்.
அந்த ஷூவுக்கு நாடா கிடையாது.

பொய் சொல்ல மாட்டேன், ஆட்டம் அழகு.
இருபது ரன் வரைக்கும் அழகு.
கவர் பக்கம் அவர் தள்ளிவிட்ட பந்தைத்
துரத்த வேண்டியவன்கூட
ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் ஓடுவான்.
பிறகு பன்னிரண்டு மணிக்கு
பீர் ஆலைச் சங்கு ஊதும்.
கோட்டைவிட்டு விலகி, மட்டையின் முகத்தில்
ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பவர் போல நிற்பார்.
யாருக்காவது விரல் உடைந்து நானும் ஆடிய நாட்களில்
எதிர்முனையிலிருந்து பார்த்திருக்கிறேன்:
கையுறை நடுங்கும்.
அடுத்த ஓவருக்குள் ஸ்டம்பு சாய்ந்துவிடும்.
அந்தச் சங்கில் எனக்கும் வேறொன்று கேட்கும்தான்.
ஆனால் பிரான்சில் அவர் லெஃப்டினன்ட், நான் சிப்பாய்.
நடுங்குவதற்கு எனக்கு யாரும் அனுமதி தரவில்லை.

ஒன்பது ஆகஸ்ட். ஐம்பத்து மூன்று இன்னிங்ஸ்.
சராசரி பத்தொன்பது சொச்சம்.
சதம் இல்லை.

சதம் இல்லாதது என்னால்.
அல்லது என்னாலும்.
ஒன்பதாவது ஆகஸ்ட், ஆல்டர்ஃபோர்ட் மைதானம்,
முந்தின இரவு மழை.
போக்காக்கின் கட்டைவிரல் எனக்கு இடம் கொடுத்திருந்தது.
அவர் தொண்ணூற்றேழு. ஆலைச் சங்கையும் தாண்டி வந்திருந்தார்.
பந்து மிட்-ஆஃபுக்கு மெல்ல உருண்டது.
“வாங்க சார்” என்றேன்.
பாதி வழியில் அவர்.
“வேண்டாம்” என்றேன்.
ஃபீல்டர் சறுக்கியது போலிருந்தது, பிறகு சறுக்கவில்லை.
இப்படித்தான் ஈடித்திடம் சொன்னேன்.
அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே
“சரி” என்றாள்.

கெட்டில்வெல், ரன் அவுட், 97.
கூப்பிட்டவன் யார் என்று எழுத
ஸ்கோர் புத்தகத்தில் கட்டமில்லை.
என்னைக் கடந்து போகும்போது
“என் கால்தான் மெதுவு, ஹாப்குட்” என்றார்.
கனவான்களின் வாசல் வழியே உள்ளே போனார்.
எங்கள் வாசல் கழிவறைப் பக்கம்.

அடுத்த வருடம் வரவில்லை.
விடுதிப் பொறுப்பு, நேரமில்லை என்று கடிதமாம்.
முழு ஆகஸ்டும் எனக்குக் கிடைத்தது.
ஆறு இன்னிங்ஸ், பதினொரு ரன்.
செப்டம்பரில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது,
நேரம் நிறைய இருக்கும் என்ற பொருளில்.

முப்பத்தொன்பதாம் வருடக் கோடையில்
பள்ளிப் பையன்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டம்.
நடுவருக்கு ஐந்து ஷில்லிங், தேநீர்.
கணக்கெழுதும் பொடியன் பெயர் கேட்டான்.
நான் வாய் திறக்குமுன்
கால்காப்பு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்:
“திரு. டபிள்யூ. ஹாப்குட்.”
தலை நரைத்திருந்தது. கால் உண்மையிலேயே மெதுவு.

அவர் நான்கு ரன்னில் இருந்தபோது
ஊர் மன்றத்துக் கூரையில்
விமானத் தாக்குதல் சங்கைச் சோதித்துப் பார்த்தார்கள்.
பையன்கள் சிரித்தார்கள்.
அவர் கோட்டைவிட்டு விலகி
மட்டையைப் படிக்கத் தொடங்கினார்.
பந்து வீச ஓடிவந்தவனைக்
கை நீட்டித் தடுத்தேன்.
ஏன் என்று கேட்டான்.
“நில்லுடா” என்றேன். “ஓயட்டும்.”