தட்டையான பக்கம்

மாதிரி எண் 317.
இடது முழங்காலுக்குக் கீழே சீழ்.
எசக்கியேல், நாற்பத்தாறு, ரப்பர் வெட்டு, கடையாலுமூடு.
சீட்டில் இவ்வளவுதான்.
மீதியை அவரே சொன்னார்,
பஞ்சுக்குச்சி புண்ணைத் தொட்டபோது,
வலி தெரியாமலிருக்கப் பேசுகிறவர்களின் வேகத்தில்.

முதல் மாத்திரை பாறசாலையில் வாங்கினது.
மற்றது களியக்காவிளை, சந்தைக்கு எதிரே.
"ரெண்டு நாளு தின்னேன், வலி கொறஞ்சுது.
கொறஞ்ச பிறகு எதுக்கு மேடம் திங்கணும்?"
மிச்சம் நாலு மாத்திரை
வெட்டுக்கத்தி வைக்கிற டப்பாவில் கிடக்கிறதாம்.

மறுநாள் தட்டில் பொன்னிறப் புள்ளிகள்.
இதற்குப் பொன் என்று பெயரிட்டவனுக்குக்
காலில் புண் வந்திருக்காது.

ஒரு புள்ளியைத் தொட்டு உப்புநீரில் கலக்கினேன்.
குழாய்க்குப் பின்னே கறுப்புக் கோடு போட்ட அட்டை.
கோடு எவ்வளவு மங்க வேண்டுமோ
அவ்வளவு மட்டும் மங்க வேண்டும்.
கலங்கல் கூடினால் மருந்து தோற்றதுபோல் தெரியும்,
குறைந்தால் வென்றதுபோல்.
நான் பொய் சொல்வதென்றால்
இந்த இடத்தில்தான் சொல்வேன்,
எனக்கே தெரியாமல்.

வைக்கோல் நிற அகார்மேல் குறுக்கே இழுத்து,
தட்டைத் திருப்பி மறுபடி,
இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி,
கடைசியில் விளிம்பைச் சுற்றி ஒருமுறை.
விதைக்காத இடம் இருக்கக்கூடாது.

பிறகு வில்லைகள்.
மற்றவற்றைத் தள்ளித் தள்ளி வைப்பேன்.
எரித்ரோமைசினையும் கிளிண்டாமைசினையும் மட்டும்
பக்கத்தில், இருபது மில்லிமீட்டர்.
இடுக்கி விட்டபின் நகர்த்த முடியாது.
தொட்ட கணமே ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும்.
எட்டு வருஷமாகியும்
அந்தக் கணத்தில் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு இடி.
குழித்துறை முழுக்க மின்சாரம் இல்லை.
ஆய்வகத்து இன்வெர்ட்டர் இரைவது
என் படுக்கைக்குக் கேட்டது,
கேட்க வழியில்லை என்று தெரிந்தும்.

காலையில் தட்டைக் கறுப்புத் துணிமேல் கவிழ்த்து
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
எரித்ரோமைசினைச் சுற்றி வட்டமே இல்லை,
வில்லையின் ஓரம்வரை வளர்ச்சி.
கிளிண்டாமைசினுக்கு நல்ல வட்டம், தெளிந்த வட்டம்,
மருத்துவர் பார்த்தால் சந்தோஷப்படுகிற வட்டம்.

ஆனால் அண்டை வில்லையைப் பார்த்த பக்கம் மட்டும்
தட்டையாக,
பேருந்துக் கண்ணாடியில் அழுத்திய கன்னம்போல்.

தனியாகக் கேட்டிருந்தால் பணிந்திருக்கும்.
முதல் மருந்து கசிந்து சேராத பக்கத்தில்
இப்போதும் பணிந்துதான் இருக்கிறது.
பழையவனின் வாடை பட்ட இடத்தில்தான்
புதியவனுக்கும் கதவைச் சாத்தக் கற்றிருக்கிறது.
அளவுகோல் என்ன சொன்னாலும்
இந்தத் தட்டைப் பக்கத்துக்குத்தான் மதிப்பு.
கிளிண்டாமைசின், எதிர்ப்பு உண்டு
என்று சிவப்பில் எழுதினேன்.
அதை ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்ட மருத்துவரை
மூன்றாம் முறைதான் போனில் பிடிக்க முடிந்தது.

மதியம் எசக்கியேல் ஜன்னலில் நின்றார்.
"இதுல எந்தக் கடைக்காரன் தந்தது கள்ள மாத்திரை?"
ரெண்டுமே நல்ல மாத்திரைதான் என்றேன்.
நம்பவில்லை.
யாராவது ஒருவன் ஏமாற்றியிருந்தால்
அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டப்பாவுல உள்ளதைக் கொண்டு வாங்க, வெளியே போட வேண்டாம்."

"அதுவா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை வலி,
குடுத்தாச்சு."

"நாலுமா?"

"ரெண்டு.
நல்லாயிட்டுன்னு சொன்னா.
மிச்சம் டப்பாவுலதான் கெடக்கு."