ஏழாவது வாய்

எண்ணு, அப்பாவு மேஸ்திரி.
தேக்கு உத்தரத்தின் இடுக்கில்
நீலச் சாம்பல் தோலில் செம்புள்ளி தெறிக்க
தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பி.
தௌக்தே. ஒன்று.

டாலா அரிசி ஆலையில் ஆள் எண்ணியவன் நீ.
காலராவில் போன நாலு பேரை
மூன்று மாதம் உயிரோடு வைத்திருந்தாய் பேரேட்டில்.
அவர்கள் கூலியில் உனக்கொரு தங்கப் பல்.
உயிரோடிருந்த எங்களை
மூட்டைக் கணக்குக்கும் கீழே எழுதினாய்.

அந்தச் சித்திரையில் என் கடன் தீர்ந்தது.
கப்பல் சீட்டை முந்தியில் முடிந்து
படகுத்துறைக்கு நடந்தேன்.
துரையிடம் ஓடினாய்.
யாரும் உன்னைக் கேட்கவில்லை.
"உமிக் குவியலோரம் குத்தவைத்து
நொய்யை வாயில் போட்டாள் இவள்.
பார்த்தேன். ஏழு வாய். எண்ணினேன்."

உண்மைதான். தின்றேன்.
எத்தனை நாள் தின்னவில்லை என்பது
உன் பேரேட்டில் இல்லை.
துரை சீட்டைக் கிழிக்கவில்லை,
மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினான்.
வாய்க்கு ஒரு வருஷம்.

வெளியே பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழா.
வெள்ளிக் கிண்ணம், நாவல் கொத்து, பன்னீர்.
என் கைக்கு அகப்பட்டது கழுநீர்ப் பானை.

முதலில் சிரித்தாய்.
பிறகு இமைகள் போயின;
பார்த்தேன் பார்த்தேன் என்ற கண்ணுக்கு
மூடிக்கொள்ள ஒன்றுமில்லை.
விரல்நுனி அகன்று சுவரில் அப்பியது.
தங்கப் பல் தரையில் உருண்டது.
யாரோ அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாதவர்போல் நின்றார்கள்.

மிஷன் பள்ளிக்குப் போகும் ஞானாதிக்கம் சொல்கிறான்:
கிரேக்க தேசத்திலும் ஒருவன் இருந்தானாம், அஸ்கலாபஸ்.
பாதாளத்தில் ஒரு பெண்
மாதுளை முத்து தின்றதைக் கோள் சொன்னவன்.
அதுவும் ஏழாம்!
நெருப்பாற்றுத் தண்ணீரை அவள் முகத்தில் வீச
ஆந்தையாகிப் போனானாம்.

ஆந்தை தேவலை, பறக்கலாம்.
அவளுக்கும் வருஷத்தில் பாதி
தாய் வீடு கிடைத்ததாம்.
எனக்கு இந்தச் சுவர். அதில் நீ.

நீ ஏழு முறை கூவினால் யோகம் என்று
வீட்டுக்காரி மா டின் விரல் மடக்குகிறாள்.
ஆறில் நிறுத்திவிடுகிறாய், ராத்திரிதோறும்.
ஏழாவதற்கு வாயைத் திறந்து
என்னைப் பார்க்கிறாய்.

பானையை நான்
இன்னும் கவிழ்த்து வைக்கவில்லை.