மினுங்காத திரை

ரெண்டுக்கும் உள்ளுக்கை ஒரே எஞ்சின்தான் அக்கா,
என்கிறான் டிலக்சன்.
கரடிப்போக்குச் சந்தியில்
முன்பு உரக்கடையாயிருந்த கடை.
யூரியா மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இடப்பக்கம் புதியது.
ஒன்றரைக் கிலோ, வெள்ளித்தோல்.
திறந்தால் திரையில் ஒரு மீன்கொத்தி,
இறகு இறகாய் எண்ணலாம்.
வலப்பக்கம் கறுப்பு.
கொழும்பில் ஏதோ வங்கி நான்கு வருடம் உழுத மாடு.
மூன்று கிலோ. அதன் சார்ஜர்
தனியாக ஒரு செங்கல்.
வொர்க்ஸ்டேஷன் என்று சொல்லவேணுமாம்,
லப்டொப் என்றால் அதற்குக் கோபம் வருமாம்.

நான் குளங்கள் கீறுகிறவள்.
கமநல சேவைக்கு, ஒப்பந்தத்தில்,
தூர்ந்த சிறுகுளம் ஒவ்வொன்றாய்.
ட்ரோன் ஏறி இறங்கினால் நானூறு படம்.
ஒன்றோடொன்று தைத்து
அலைகரையை, கட்டை, வான் பாயும் வழியைச்
சமவுயரக் கோடாக்கவேணும்.
பழைய லப் அந்தத் தையலில்
முந்நூற்றுப் பத்தாவது படத்தில் செத்தது.

"தன்ர பிழையைத் தானே திருத்துற மெமறி
இதில போடலாம் அக்கா."
கறுப்பைத் தட்டிக் காட்டுகிறான்.
ஓர் எண் உள்ளுக்குள் புரண்டுவிட்டால்
ஒருவருக்கும் சொல்லாமல் நிமிர்த்தி வைக்குமாம்.
அந்த வசனம் எனக்குப் பிடித்துப்போயிற்று.
அப்படியொரு நினைவு ஊருக்கு ஒன்று இருந்தால்
காணிப் பிணக்கில் பாதி முடிந்திருக்கும்.
"போட்டிருக்கா?"
"போடலாம்."
"போட்டிருக்கா?"
இல்லை. சாதாரணம்தான்.

போன ஆவணியில்
பாலைமுறிப்புக் குளத்துத் துருசுக்கு
முப்பத்துநாலு தசம் ஏழு என்ற மட்டத்தை
முப்பத்தேழு தசம் நாலு என்று போட்டேன்.
எந்த மெமறியும் புரளவில்லை.
புரண்டது நான், இரவு ஒன்றரைக்கு.
திருத்தியது பெக்கோ ஓட்டுகிற மரியசீலன்.
வாளியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கோல் எடுத்தான்:
"மிஸ், நீங்கள் கீறினபடி வெட்டினால்
தண்ணி ஏணி வைச்சுத்தான் துருசுக்கு ஏறவேணும்."

வெள்ளிக்கு மாதக்கட்டு உண்டு, வொறண்டி இரண்டு வருடம்.
கறுப்புக்கு மூன்று மாதம், அதுவும் 'பாத்துச் செய்வம்'.
வெள்ளியின் பற்றறி எட்டு மணித்தியாலம்.
கறுப்பு ஒன்றேகால்.
கணக்கு வெள்ளிப் பக்கமே சாய்கிறது,
ஸ்கூட்டியில் நொந்த என் முதுகும்.

"ரெண்டையும் வெளியில கொண்டு வா."
"வெளியிலயோ?"

பதினொன்றரை வெயில்.
ஏ-ஒன்பதில் நெல் லொறியொன்று
தன் தூசியை எங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறது.
ஓட்டோக்காரர் எட்டிப் பார்க்க,
வாசற்படியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து
இரண்டிலும் அதே குளத்தைத் திறந்தோம்.

வெள்ளியில் குளம் இல்லை.
நான் இருந்தேன்.
ஹெல்மெட் அமத்திய தலைமயிர்,
மூக்குநுனியில் வியர்வை,
பின்னால் ஒரு மின்கம்பம்.
கறுப்பில் நான் இல்லை.
மங்கலாய், சாம்பல் பூத்தாற்போல்
கட்டின் வளைவு, துருசு, பக்கத்தில் எண்.
வாசிக்க முடிந்தது.
கட்டில் நின்றுகொண்டு, பெக்கோ உறுமிக் காத்திருக்கையில்
வாசிக்க முடியும்.
ஒன்றேகால் மணித்தியாலம்
ஒரு பிழை பிடிக்கப் போதும்.

ஐயாயிரம் குறைத்தான்.
பை கேட்டேன்.
பின்னறையிலிருந்து உரப்பை ஒன்றை எடுத்துவந்து
வெட்கப்பட்டுச் சிரித்தான்.
அக்கராயன் வீதியில்
கிடங்கு வரும்போதெல்லாம்
இரண்டு காலாலும் அதை அணைத்துப் பிடித்தேன்.

மூடியில் வங்கியின் சொத்து இலக்கம்.
நகத்தால் உரித்ததில் பாதி வந்தது.
மீதி, நாற்பத்தேழு என்று, அங்கேயே கிடக்கிறது.

இரவு நானூறு படத்தையும் கொடுத்தேன்.
விசிறி எழுந்த எழும்பலில்
பக்கத்து வளவு வசந்தமலர் கேட்டாள்,
"இந்த நேரத்தில ஆற்ற வயலில வெட்டுமெசின்?"

முந்நூற்று ஒன்பது.
முந்நூற்றுப் பத்து.
துருசு மட்டத்தை நான் இன்னொரு முறை வாசித்தேன்,
வாய்விட்டு.