எட்டே கால் வளைவு

பசியாறிட்டீங்களா என்று
ஊத்தான் மெலிந்தாங்கில் எல்லாரும் கேட்பார்கள்.
பதில் யாருக்கும் வேண்டியதில்லை.
எனக்கு மட்டும் அது கணக்கு.

நாலே முக்காலுக்கு எழுந்து
ஐந்தரைக்கு வேனைக் கிளப்பி
மூன்றாம் டிவிஷனில் முதல் பிள்ளையை ஏற்றுகிறவளுக்குப்
பசி ஆற
ஆறு மணி வரை நேரமில்லை.

பதினோரு வருஷமாக
இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு,
அடியில் டின்பால் தங்கிய தே தாரேக்,
கடை வாசலில் நின்றபடியே.
நிறைவது வேறு, நிற்பது வேறு என்று
போன செப்டம்பரில்தான் வயிறு சொன்னது.

எட்டே கால்.
ஆலைக்குப் போகும் செம்பனை லோரிக்குப் பின்னால்
தாடிக்கா பிள்ளைகள் ஏழு பேர்.
வளைவில் என் கண் ஒரு தரம் மூடித் திறந்தது.
திறந்தபோது
இடப்பக்கச் சக்கரம் புல்லில் இருந்தது.
புல்லுக்கு அந்தப் பக்கம் கால்வாய்.

யாருக்கும் ஒன்றுமில்லை.
"ஆன்ட்டி, வேன் ஆடுச்சு, இன்னொரு தடவை ஆட்டுங்க"
என்றாள் கவிஷா.
சிரித்தேன்.
விரல்கள் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

அன்றிலிருந்து பசியாறலை
நான் தூரத்தால் அளக்கிறேன்.

வெள்ளை ரொட்டியும் காயாவும்
தமிழ்ப்பள்ளி கேட்டு வரை.
மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, பெட்ரோல் ஸ்டேஷன் வரை;
அதே இட்லிக்குக்
கரண்டி நிற்கிற சாம்பார் என்றால்
சீனர் கோயிலைத் தாண்டும்.
மைலோ முதல் மேட்டில் துள்ளும்,
அடுத்த இறக்கத்தில் காலை வாரிவிடும்.
பிஸ்கட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரண்டு அவித்த முட்டை,
தோலோடு வெந்த கெலெடெக் ஒன்று,
ஒரு பிடி வறுத்த கச்சான்:
வளைவு போயிற்று, ஆலை போயிற்று, பாலம் போயிற்று,
பத்தரைக்கு டயருக்குக் காற்று அடிக்கும்போதும்
வயிறு வாய் திறக்கவில்லை.

விடியுமுன் யோசிக்கிற மூளை எனக்குக் கிடையாது.
அதனால் எல்லாம் ராத்திரியே.
கெலெடெக் வெந்து ஆறும்.
பாசிப்பயறு ஈரத்துணிக்குள் வால் விடும்.
ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து
விடிந்து வருகிற குணாளன்
மூடியைத் திறந்து பார்த்து,
"கோழி வளர்க்கிறியா?" என்று மெசேஜ் போடுவார்.
பிறகு பார்த்தால்
கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

மக்சிக் ரொஸ்னாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.
ஆறு பத்துக்கு அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம்
வலப்பக்கக் கண்ணாடியில் எனக்கு ஏதோ வேலை இருந்தது.
வாழையிலை வாசம்
ஜன்னல் வழியாக ஏறி இறங்கும்.
இரண்டு மாதம் பொறுத்தார்.
ஒரு திங்கட்கிழமை சடக்கில் இறங்கிக் கையைக் காட்டி
"மாரா கா?" என்றார்.

கோபமில்லை, மக்சிக்.
வளைவைச் சொன்னேன். லோரியை, புல்லை,
ஏழு பிள்ளைகளை.
அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஒரு பொட்டலம்,
மேலே பேனாவால் 'வேன்'.
உள்ளே சோறு ஒரு கைமுட்டி அளவு.
முட்டை இரண்டு, பொரித்த மீன்,
நெத்திலி, கச்சான்,
மலையாக வெள்ளரிக்காய்.
அதே விலை.
சம்பல் மட்டும் பழைய அளவே,
அதில் அவர் யாருக்கும் இறங்கி வருவதில்லை.

இன்று காலை ஆறு நாற்பது.
பின்சீட்டில் தர்வின் கண்ணாடியில் நெற்றி முட்டித் தூங்குகிறான்.
பள்ளி வாசலில் எழுப்பி, என்னடா சாப்பிட்டே என்றேன்.
"மைலோ."
பையைத் தூக்கிக்கொண்டு
பாதித் தூக்கத்தில் நடந்து போனான்.

நாளைக்கு
முட்டை மூன்று அவிக்க வேண்டும்.