ஏழாவது அறை

மொன்றியலில், பழைய தையல் ஆலை ஒன்றின்
நான்காம் மாடியில் எனக்கு வேலை:
ஆட்களை அடைத்துவைக்க அறைகள் கட்டுவது.
வெளியேற ஒரு வழி எப்போதும் இருக்கும்.
அதை எங்கே ஒளிப்பது என்பதற்குத்தான் சம்பளம்.

ஏழாவது அறையில் ஒரு கதவு.
வெளிச்சத்தோடு போனால் அது சுவர்.
கைவிளக்கை அணைத்துவிட்டு
மூன்று மூச்சு நின்றால்
கீற்றாக ஒரு நீலம் கசியும்.
அவ்வளவுதான் புதிர்.
எழுதி முடித்த இரவு
என் முதுகில் நானே தட்டிக்கொண்டு
பூட்டீன் வாங்கித் தின்றேன்,
பேரிலேயே பூட்டு இருப்பதால்.

சோதித்துப் பார்க்க வருகிறவர்களைக்
கண்ணாடிக்கு அப்பால் உட்காரவைப்போம்.
அவர்களுக்கு என்னைத் தெரியாது.
எனக்கு ஒரே விதி: வாய் திறக்கக் கூடாது.

முதலாமவர் பெட்டியை நகர்த்தினார்,
பிறகு எல்லாப் பெட்டிகளையும்.
அடுத்தவள் சுவர் சுவராகத் தடவினாள்.
விளக்கை இன்னும் பிரகாசமாக்க
பொத்தான் உண்டா என்றான் ஒருவன்.
அணை, அணையடா என்று
என் கன்னத்துக்குள் நாக்கு முட்டிக்கொண்டிருந்தது.

சராசரி நாற்பத்தொரு நிமிடம்.
மர்த்தீன் வரைந்த வளைகோடு
ஆறு வரை படி, ஏழில் பாறை.
"பன்னிரண்டுக்குள் கொண்டுவா."
கொண்டுவந்தேன்.
தரையில் அம்பு மாதிரி ஒரு கீறல்,
சுவரில் அணைந்த விளக்கின் படம்.
நான்கே நிமிடத்தில் எல்லோரும் வெளியே.
ஒருவரும் நாற்காலியில் நிமிரவில்லை.
ஒருவர் வாயிலும் ஓர் "அட" இல்லை.
சுளை பிரித்து, கொட்டை எடுத்து,
மென்றும் கொடுத்துவிட்ட பலாப்பழம்.
கீறலை அழித்தேன். படத்தையும்.

பெப்ரவரியில் ழில்பேர் வந்தார்.
இரவில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்தார்.
மூன்றாம் அறையில் இரண்டு முறை எரிந்து செத்தார்,
இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார்.
ஏழுக்குள் நுழைந்ததும்
விளக்கை அணைத்தார்.
ஐம்பது விநாடி.

விதியை மீறி அந்தப் பக்கம் ஓடினேன். எப்படி?
"பனி கொட்டும்போது பெரிய விளக்கைப் போட்டால்
வெள்ளைதான் தெரியும், தெரு தெரியாது"
என்றார், காபி எங்கே என்று தேடியபடி.

மர்த்தீன் அவரைக் கணக்கிலிருந்து நீக்கினாள்.
அவரைப் போன்றவர்கள் சராசரியைக் கெடுப்பார்களாம்.
நான் அவரை ஆறாவது அறையில் வைத்தேன்,
அதாவது, அங்கே பனி பெய்யவிட்டேன்.
விளக்கைத் தூக்கினால் வெள்ளை.
தாழ்த்தினால் ஒரு தடம்.
ஒரு வார்த்தையும் எழுதவில்லை.
கால் கற்றது தலைக்கு ஏற
ஒரு கதவு தூரமாவது ஆகட்டும்.

சராசரி பதினாறு.
மீன்கடை மாதிரிப் பேரம் பேசி
அதிலேயே நின்றோம்.

ஆனாலும் நிலூஃபர் என்றொரு மாணவி
ஐம்பது நிமிடம் இருட்டை நம்ப மறுத்தாள்.
துப்பு வேண்டுமா என்று திரை கேட்டது.
வேண்டாம் என்று அழுத்தினாள்.
ஐந்தாம் முறை கேட்டபோது
பொத்தான் உடைந்துவிடும் போலிருந்தது.
நேரம் முடிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு
கதவில்லாத அந்தச் சுவரை ஒருதரம் முறைத்து
விடைபெற்றாள்.
நம் மொழிக்குத்தான் எவ்வளவு குறும்பு,
விடை கிடைக்காமலே விடைபெறலாம்.

இரவு பதினொன்றே காலுக்குக் குறுஞ்செய்தி:
"எண்பதாம் நம்பர் பஸ்ஸில் இருக்கிறேன்.
டிரைவர் உள்விளக்கை அணைத்தார்.
ஜன்னலில் என் முகம் போய்
வெளியே மரங்கள் வந்தன.
அணைக்கணும், இல்லையா?"

கண்ணாடிக்கு அப்பால் யாரும் இல்லை.
இப்போது வாய் திறக்கலாம்.
"ஆம்" என்று தட்டினேன். அழித்தேன்.
"நாளை பத்து மணிக்கு நாற்காலி காலி"
என்று அனுப்பினேன்.

எட்டாவது அறைக்கு
இன்னும் ஒரு சுவர்கூட வைக்கவில்லை.